அடித்ததும் ஊற்றியதும்

அம்பத்தூர் ஸ்டேஷனை ஒட்டிய சந்து. எட்டடி அகலக் கடை. ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. வாசல் கோலம் இன்னும் காயவில்லை.

உள்ளே வெள்ளிப் பட்டறை. சிலேட்டில் அன்றைய விலை. காலையிலிருந்து இரண்டு முறை அழித்து எழுதிய தடம் ஈரமாக இருக்கிறது. சிலேட்டுக்குக் கீழே கண்ணாடிக் கூண்டில் டிஜிட்டல் தராசு. தராசுக்குப் பக்கத்தில் உரைகல். கன்னங்கரேலென்ற கல். நடுவில் தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கிறது.

ஆசாரி சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் தோல் விரிப்பு. அரம் ராவும்போது உதிரும் தூள் அதில் விழுகிறது. சாயங்காலம் விரிப்பை ஒரு தகர டப்பாவில் உதறுவார். அந்தத் தூளும் வெள்ளிதான்.

பக்கத்துச் சந்தில் எங்கோ பிளை பிரஸ் ஓடுகிறது. டங்க். இடைவெளி. டங்க். 1960-களில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்த ஊரின் காதில் இருக்கும் சத்தம்.

ஸ்டூலில் ஒரு பெண். மடியில் ஐந்து வயதுச் சிறுமி. புது யூனிபார்ம், கஞ்சி மொடமொடப்பு. பெண்ணின் கையில் கைக்குட்டை முடிச்சு. முடிச்சுக்குள் அறுந்த கொலுசு ஒரு ஜோடி.

படியேறி ஒரு பெரியவர் வருகிறார். எழுபத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் இரும்பு அளவுகோல். ஆறு அங்குலம். டை கட்டிங் செய்தவர்களின் பையில் இருப்பது. இடது கை ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை.

“வாங்க சார். உக்காருங்க.”

“அந்தம்மாவுக்கு முதல்ல பாருங்க ஆசாரி. எனக்கு அவசரமில்ல.”

அவர் உட்காரவில்லை. நிற்கிறார். மேல்சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

கொலுசு தராசில் ஏறுகிறது. 38.20. ஆசாரி எண்ணைச் சத்தமாகச் சொல்கிறார். பெண் குனிந்து தானும் பார்க்கிறாள். பிறகுதான் தலையாட்டுகிறாள்.

“உருக்கிடலாமாம்மா?”

பெண் கொலுசைப் பார்க்கிறாள். தேய்ந்த மாங்காய் வேலைப்பாடு. அவள் காலில் ஒரு காலத்தில் கிடந்தது. “உருக்கிடுங்கண்ணே. இவளுக்குப் பெரிசா பண்ணணும்.”

பெரியவர் மறுபடி பையைத் தொடுகிறார். இந்த முறை வெளியே எடுக்கிறார். கோடாக் பிலிம் டப்பா. கறுப்பு உடம்பு, சாம்பல் மூடி. உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் இரண்டு காசு.

1984-இல் மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. பழைய புத்தகம், பழைய ரேடியோ, பழைய பூட்டு எல்லாம் விற்ற வரிசையில் ஒரு விரிப்பின் மேல் கிடந்தன. அடுத்த வருஷம் மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. டப்பா தப்பித்தது.

முதல் காசு சின்னது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் இளமுகம். தலையைச் சுற்றி நாடா. நாடாவின் இரண்டு முனையும் பிடரியில் தொங்குகின்றன. விளிம்பைச் சுற்றிக் கிரேக்க எழுத்து. திருப்பினால் ஒரு பெண். இடது கையில் கேடயம், ஓங்கிய வலது கையில் இடி. அதீனா தேவி. அவளைச் சுற்றி ஓடும் எழுத்து வேறு. கரோஷ்டி. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியது. மகாராஜன், காப்பவன், மெனாந்தர். இரண்டு மொழியிலும் அதே மூன்று சொல்.

இரண்டாவது காசு பெரியது, தடிமனானது. ஒரு பக்கம் அதே அதீனா, தலைக்கவசத்தோடு. மறுபக்கம் ஆந்தை. உருண்டைக் கண் இரண்டும் பார்ப்பவரையே பார்க்கின்றன. ஆந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒலிவ இலை, சின்னப் பிறை. முன்னால் ஆல்பா, தீட்டா, எப்சிலான். ஏதென்ஸ்காரர்களுடையது என்பதன் சுருக்கம்.

“ஆந்தை,” என்கிறாள் சிறுமி.

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. ஆந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை.

ஆசாரி லென்ஸை எடுத்துக் கண்ணில் பொருத்துகிறார். சின்னக் காசைத் திருப்புகிறார், மறுபடி திருப்புகிறார். வலது கை தானாக உரைகல் பக்கம் போகிறது.

பெரியவரின் கை குறுக்கே வருகிறது. “உரசக் கூடாது.”

ஆசாரியின் கை திரும்புகிறது.

வெள்ளிக் காசை நம்பாமல் இருப்பது புதிதல்ல. ஏதென்ஸ் நகரச் சந்தை, கி.மு. 375. வட்டிக்கடை மேசைகளுக்கு நடுவே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அரசுக்குச் சொந்தமான அடிமை. யார் காசு நீட்டினாலும் சோதித்துச் சொல்வது அவன் வேலை. உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்ட வேண்டும். வெட்டிய காசு தேவர்களின் தாய்க்குச் சேரும். அவன் நல்லது என்று சொன்ன காசை வாங்க மறுக்கும் வியாபாரிக்கு அன்று கடையில் இருந்த சரக்கு முழுதும் போகும். சோதிப்பவன் வந்து உட்காரவில்லை என்றால் அவன் முதுகில் ஐம்பது அடி. சட்டத்தை முன்மொழிந்தவன் பெயர் நிகோபோன். அது பொறித்த பளிங்குப் பலகை 1970-இல் அதே சந்தையின் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. நிகோபோனின் பெயர் அதில் இருக்கிறது. உட்கார்ந்து சோதித்தவனின் பெயர் இல்லை.

மூசையில் கொலுசு. மேலே ஒரு சிட்டிகை வெங்காரம். ஆசாரி தீக்குழலைத் திறக்கிறார். நீல நாக்கு வளைந்து இறங்குகிறது.

மாங்காய் வேலைப்பாடு முதலில் மங்குகிறது. பிறகு சலங்கை முத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிறகு எல்லாம் சிவக்கிறது. ஒரு கணத்தில் உருவம் விட்டுப்போகிறது. மூசையின் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு துளி. அது கண்ணாடி போல் ஆடுகிறது.

பெண் சிறுமியின் தலைக்கு மேலாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கிரேக்க வெள்ளியில் பெரும் பங்கு இந்த வழியில்தான் போனது. பாரசீகத்துக் கஜானா வெள்ளி அலெக்சாந்தரின் காசானது. அலெக்சாந்தரின் காசு அடுத்த ராஜாக்களின் காசானது. காசு வளையலானது, கிண்ணமானது. மிஞ்சியது, யாரோ புதைத்துவிட்டுத் தோண்ட வராமல் போனது.

இரும்பு அச்சில் வெள்ளி விழுகிறது. சீறல். ஒரு விரல் நீளக் கட்டி. ஆசாரி அதைத் தண்ணீரில் போட்டு எடுத்துத் தராசில் வைக்கிறார். 37.60. அழுக்கும் பற்றவைப்பும் போக மிச்சம். எண்ணைச் சொல்கிறார். பெண் குனிந்து பார்க்கிறாள்.

“வியாழக்கிழமை வாங்கம்மா.”

பெண் எழுந்திருக்கவில்லை. சிறுமி அசையவில்லை.

“சரி சார். உரசாம எப்படிப் பாக்கறது?”

“தண்ணியில பாத்துடலாம்.”

ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணம். முக்கால் தண்ணீர். கிண்ணம் தராசில் ஏறுகிறது. ஆசாரி பொத்தானை அழுத்தி எண்ணைச் சுழியாக்குகிறார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து நூல்கண்டு எடுக்கிறார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். மெல்லிய நூல். மெனாந்தரின் குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று. குறைந்த விரல் முடிச்சுக்கு உதவவில்லை. கட்டைவிரலும் நடுவிரலும் அந்த வேலையைச் செய்கின்றன. முடிச்சு ஒரே தடவையில் விழுகிறது.

காசை வெறுமனே நிறுத்தபோது 2.43. அதை மடித்த ரோஸ் காகிதத்தில் குறித்தாயிற்று. இப்போது நூலில் தொங்கித் தண்ணீருக்குள் இறங்குகிறது. அடியைத் தொடக் கூடாது. ஓரத்தைத் தொடக் கூடாது. பெரியவரின் கை கிண்ணத்துக்கு மேல் நிற்கிறது.

எண் ஓடுகிறது. 0.22. 0.25.

“பேன்.”

ஆசாரி சுவிட்சைத் தட்டுகிறார். மின்விசிறி மெல்ல நிற்கிறது. 0.24. 0.23.

தூரத்தில் ஹாரன். ஆவடிப் பக்கம் போகும் மின்ரயில். முதலில் சிலேட்டு நடுங்குகிறது. பிறகு கண்ணாடிக் கூண்டு. எண் கண்டபடி தாவுகிறது. பெரியவர் கையை எடுக்கவில்லை. ரயில் போய் முடியும் வரை நூல் அவர் விரலில் இருக்கிறது. கடைசிப் பெட்டி போகிறது. பிரஸ் சத்தம் திரும்பிவருகிறது. டங்க்.

0.24.

மறுபடி தூக்கி இறக்குகிறார். 0.23. மறுபடி. 0.24. காசு சின்னது. ஒரு புள்ளி நகர்ந்தாலும் கணக்கு நகரும். மூன்றையும் காகிதத்தில் எழுதுகிறார்.

ஆசாரி போனில் வகுக்கிறார். “பத்து புள்ளி ஒண்ணு.”

சுத்த வெள்ளிக்குப் பத்தரை. கொஞ்சம் செம்பு சேர்ந்த வெள்ளிக்கு இது பொருத்தம்.

இந்த வித்தையும் ஒரு கிரேக்கன் பெயரில்தான் இருக்கிறது. சிரகூசா நகரத்து ஆர்க்கிமிடீஸ், அரசனின் பொன் மகுடம், தண்ணீர்த் தொட்டி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அவனுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் முன்பே அதே சிரகூசாவில் அடித்த பெரிய வெள்ளிக் காசுகளில் அச்சு வெட்டியவர்கள் தங்கள் பெயரைப் பொடி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். கிமோன். யூவைனெதோஸ். அரசன் பெயர் இல்லாத காசில் தொழிலாளி பெயர்.

தொழிற்பேட்டை டைகளில் வேலை எண் இருக்கும், தேதி இருக்கும்.

பெரியவர் மெனாந்தரை நூலிலிருந்து விடுவிக்கிறார். வேட்டி முனையில் ஒற்றுகிறார். தேய்க்கவில்லை, ஒற்றுகிறார். வெளிச்சத்துக்குச் சாய்க்கிறார்.

“இங்க பாருங்க. ஓரத்துல சின்னச் சின்ன வெடிப்பு. அடி விழுந்தப்ப உலோகம் வெளிய ஓடியிருக்கு. முகம் நடுவுல இல்ல, இடது பக்கம் தள்ளியிருக்கு. அவசர வேலை. கீழ் டை பட்டறைக் கல்லுல. மேல் டை கையில. நடுவுல சூடு பண்ணின வில்லை. ஒரே அடி.” உள்ளங்கையில் முஷ்டியால் ஒருமுறை குத்திக் காட்டுகிறார்.

பக்கத்துச் சந்திலிருந்து பிரஸ் பதில் சொல்கிறது.

மெனாந்தர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு நடுவில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க அரசன். பௌத்தர்கள் மிலிந்தன் என்பார்கள். நாகசேனரிடம் அவன் கேட்ட கேள்விகள் ஒரு பாலி நூலாக இருக்கின்றன. இன்னொரு சாட்சி பெரிப்ளஸ். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கக் கடல் வணிகன் ஒருவன் எழுதிய வழிக்குறிப்பு. முசிறியையும் கீழைக்கரைத் துறைகளையும் சொல்லும் அதே குறிப்பு, பரூச் துறைமுகத்தில் மெனாந்தரின் பழைய திராக்மாக்கள் இன்னும் புழங்குகின்றன என்று சொல்கிறது. அரசன் செத்து ஏறக்குறைய இருநூறு வருஷம். அவன் பேரரசு இல்லை. காசு சந்தையில் இருக்கிறது.

திராக்மா என்றால் கைப்பிடி. ஆறு இரும்புக் கம்பி சேர்ந்தால் ஒரு பிடி. அந்தப் பேர்தான் வடமொழியில் த்ரம்மம் ஆகி, தமிழ்க் கல்வெட்டில் திரமம் ஆகிறது.

ஆசாரி காசைத் தன் உள்ளங்கையில் வாங்கி மூடிப் பார்க்கிறார். திறக்கிறார். கொடுக்கிறார்.

தமிழ் மண்ணுக்கும் கிரேக்க நகரங்களின் காசு வந்திருக்கிறது. கரூரில், அமராவதி ஆற்று மணலில். மழைவெள்ளம் வடிந்ததும் மணலை அரிப்பவர்கள் இறங்குவார்கள். அவர்கள் தேடுவது பொன் துகள். சல்லடையில் சில நேரம் காசும் நிற்கும். சில காசுகள் பழைய உலோகக் கடைக்குப் போயின. அங்கிருந்து சில, தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் மேசைக்கு வந்தன. ரோட்ஸ் தீவு, கிரீட், திரேஸ், தெசலி. செலூக்கிய அரசர்களின் காசும் உண்டு. 2000-இல் அவர் அவற்றைத் தனி நூலாகப் பதிவு செய்தார். உலோகக் கடையிலிருந்து மூசைக்குப் போனவற்றுக்குப் பதிவு இல்லை.

அதே ஆற்றில் இன்னொரு வெள்ளிக் காசு. அதிலும் ஒரு முகம். கூரிய மூக்கு, மேலைநாட்டுச் சாயல். தலைக்கு மேல் தமிழ் பிராமியில் மாக்கோதை. சேரன் மேலைநாட்டாரின் வழக்கத்தைப் பார்த்துத் தன் முகத்தைக் காசில் போட்டிருக்கிறான். எழுத்தை மட்டும் கடன் வாங்கவில்லை.

ரோமானிய வெள்ளி இன்னும் அதிகம். கோவைக்குப் பக்கத்தில் வெள்ளலூரில் 1842-இல் ஒரே இடத்தில் 500-க்கும் மேல் தெனாரியஸ் காசுகள். சென்னையிலேயே மாம்பலத்தில் உள்நாட்டு முத்திரைக் காசுக் குவியலுக்குள் அகஸ்டஸின் தேய்ந்த வெள்ளிக் காசு ஒன்று. சூரியனும் மரமும் யானையும் குத்திய நூற்றுக்கணக்கான சில்லுகளுக்கு நடுவே ஒரே ஒரு மனித முகம். சேர்த்து வைத்தவர் கைக்கு இரண்டும் ஒரே வெள்ளி.

“இது?” ஆசாரி ஆந்தையைத் தொடுகிறார்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. நூலை அவிழ்த்து நீளமாக்குகிறார்.

ஆசாரி லென்ஸை மாட்டுகிறார். முகத்தையும் ஆந்தையையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு விளிம்புக்குப் போகிறார். காசை உருட்டி உருட்டி விளிம்பையே பார்க்கிறார். ஓரிடத்தில் நிறுத்துகிறார். அங்கே அரம் ராவிய தடம். ஒரே திசையில், வரிவரியாக. இரண்டு அச்சுப் பாதி சேர்ந்த இடத்தில் வரும் கோட்டை யாரோ ராவி எடுத்திருக்கிறார்கள். ஆந்தையின் மார்பில் ஊசிமுனைப் பொத்தல்கள். உருகிய உலோகத்தில் காற்றுக் குமிழ் உடைந்த இடம்.

ஆசாரி லென்ஸைக் கழற்றுகிறார். பெரியவர் முகத்தைப் பார்க்காமல் துணியால் துடைக்கிறார். நிதானமாகத் துடைக்கிறார்.

“சார், இது…”

“தெரியும். கண்ணுக்குத் தெரியும். கணக்கு வேணும்.”

ஆந்தை தராசில். 15.80.

நான்கு திராக்மா ஆந்தைக்கு 17.2 கிராம் இருக்க வேண்டும். அந்த எடையை ஏதென்ஸ் எளிதில் விட்டுக்கொடுத்ததில்லை. லாரியோன் மலையின் ஈயக் கல்லிலிருந்து புடம் போட்டுப் பிரித்த வெள்ளி. ஆள் நிமிர முடியாத சுரங்கம். உள்ளே இறங்கியவர்கள் அடிமைகள். கி.மு. 483-இல் புதிய வெள்ளி ஓட்டம் அகப்பட்டபோது ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடலாம் என்றது ஊர். போர்க்கப்பல் கட்டலாம் என்றான் தெமிஸ்தோக்ளிஸ். மூன்று வருஷத்தில் சாலமிஸ் நீரிணையில் பாரசீகக் கப்பற்படை உடைந்தது. அதற்குப் பிறகு ஆந்தை எகிப்துக்குப் போனது, சிரியாவுக்குப் போனது. போன இடமெல்லாம் உளிவெட்டு வாங்கியது. உள்ளே வெள்ளிதானா என்று ஒவ்வொரு ஊரும் தனியாக வெட்டிப் பார்த்தது. அருங்காட்சியகங்களில் இருக்கும் ஆந்தைகள் பலவற்றில் அதீனாவின் கன்னத்துக்குக் குறுக்கே ஆழமான வடு இருக்கிறது.

அந்த வெள்ளியும் ஒருநாள் வற்றியது. நீண்ட போரின் கடைசியில், கி.மு. 406 வாக்கில், ஏதென்ஸே செம்பின் மேல் வெள்ளித் தகடு போர்த்திக் காசு அடித்தது. நிகோபோனின் சட்டம் பிறந்தது அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் காலத்தில்.

நூல் ஆந்தையைச் சுற்றுகிறது. குறுக்கே, நெடுக்கே. முடிச்சு. தண்ணீர். பேன் நின்றிருக்கிறது. பெண்ணும் மூச்சடக்கிப் பார்க்கிறாள். எண் ஓடி நிற்கிறது.

1.88.

ரயில் எதுவும் வரவில்லை. எண் அசையவில்லை. பெரியவர் இருந்தாலும் தூக்கி மறுபடி இறக்குகிறார். 1.88. மூன்றாவது முறை. 1.88.

ஆசாரி போனில் வகுக்கிறார். சத்தமாகச் சொல்லவில்லை. போனைத் திருப்பிக் காட்டுகிறார். 8.4. பித்தளையின் கணக்கு.

பட்டறைப் பலகையில் உளி கிடக்கிறது. சுத்தியும் கிடக்கிறது. இரண்டும் ஆந்தைக்கு ஒரு சாண் தூரத்தில். யாரும் அவற்றைத் தொடவில்லை.

ஆசாரி ரோஸ் காகிதத்தை இரண்டாகக் கிழிக்கிறார். ஒன்றில் மெனாந்தரை வைத்து மடிக்கிறார். மேலே எழுதுகிறார்: 2.43, வெள்ளி. இன்னொன்றில் ஆந்தை. மடிப்பதற்கு முன் சிறுமி பக்கம் ஒருமுறை நீட்டுகிறார். சிறுமி ஒரு விரலால் ஆந்தையின் கண்ணைத் தொடுகிறாள். அவர் மடிக்கிறார். எழுதுகிறார்: 15.80. பேனா அங்கே நின்றுவிடுகிறது. மூடியைப் போட்டுவிடுகிறார்.

இரண்டு பொட்டலமும் பலகையில்.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிக்கிறார். முதல் பொட்டலம். இரண்டாவது. இரண்டாவதைத் திருப்பிப் பார்க்கிறார், பின்பக்கம் எழுதியிருக்கிறதா என்று. மறுபடி முன்பக்கம்.

தன் பையிலிருந்து பேனாவை எடுக்கிறார். பொட்டலத்தைப் பலகையின் விளிம்பில் வைத்து, இரும்பு அளவுகோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 15.80-க்குப் பக்கத்தில் எழுதுகிறார். டிராயிங் ஷீட்டில் எழுதுவது போல ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, ஒரே உயரத்தில்.

பித்தளை. வார்ப்பு.

மை காயும்வரை ஊதுகிறார். பிலிம் டப்பாவைத் திறந்து பஞ்சை விலக்குகிறார். முதலில் ஆந்தை போகிறது. அதன் மேல் மெனாந்தர். மூடி அழுந்துகிறது.

“எவ்வளவு ஆசாரி?”

“தண்ணிக்கா சார்?”

பெரியவர் பத்து ரூபாய்த் தாளைத் தராசுக்குப் பக்கத்தில் வைக்கிறார். ஆசாரி அதை எடுத்துச் சிறுமியின் கையில் கொடுக்கிறார். சிறுமி அம்மாவைப் பார்க்கிறாள். அம்மா தலையாட்டுகிறாள்.

பேன் சுற்ற ஆரம்பிக்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் லேசாக ஆடுகிறது. கழற்றிய நூல் தராசின் ஓரத்தில் ஈரமாகக் கிடக்கிறது. வெறும் கிண்ணத்தின் மேல் எண் 0.00-க்கும் 0.01-க்கும் இடையில் போய்வருகிறது.

அடுத்த ரயில் வருகிறது.